நாற்பது வண்டிகள்

வகுப்பறையின் அமெரிக்க வரைபடத்தில் முதல் நூலை நான்தான் கட்டினேன். மிசூரியில் ஒரு குண்டூசி, ஆரிகனில் ஒரு குண்டூசி, நடுவே சிவப்பு நூல்.

"உங்க குடும்பம் மேற்கே வந்த கதையை நீங்கதான் சொல்லணும். முதல்ல நான் சொல்றேன்" என்றேன் பிள்ளைகளிடம்.

மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்த என் முன்னோர்களின் ஆறு வயது மகள், வழியில் நெப்ராஸ்காவில், இதே ஆற்றங்கரையில், காலராவில் போனாள். நோயாளிக்காக வண்டிகள் நிற்காத வருஷம் அது. பாதையின் நடுவிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அதன்மேல் நாற்பது வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கினார்கள். ஓநாய்களும் 'அவர்களும்' தோண்டிவிடக் கூடாதென்று.

'அவர்கள்' என்றபோது நான் ஜோலீன் பக்கம் பார்க்கவில்லை. வகுப்பில் அவள் ஒருத்திதான் இந்த மண்ணின் லக்கோட்டா பழங்குடிப் பெண்.

ஆறு தலைமுறையாக அந்த இடத்தைத் தேடுகிறோம். ஆரிகனை விட்டு நான் இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்ததே அதற்காகத்தான். அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மா, ஞாயிறுதோறும் போனில் கேட்பது ஒன்றே ஒன்று: "குழந்தை கிடைச்சாளா?"

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நூல் கட்டினார்கள். கடைசியாக ஜோலீன் எழுந்தாள்.

"உனக்கு எதுக்கு நூலு? இங்கயேதானே உக்காந்திருந்தீங்க! குண்டூசி மட்டும் குத்து, போதும்" என்றான் டிராவிஸ். வகுப்பு சிரித்தது.

"ஆமா, வந்தது நீங்கதான். எங்க வம்சத்துல ஒருத்தி மட்டும் வந்தா. மண்ணுக்குள்ளேருந்து."

ஜோலீன் சொல்லிக்கொண்டே போனாள்.

குன்றின் மேலிருந்து இரண்டு லக்கோட்டா பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அத்தனை வண்டிகளும் ஏன் ஒரே இடத்தில் ஏறிப் போகின்றன என்று அவர்களுக்குப் புரியவில்லை. தூசி அடங்கியதும் இறங்கிப் போய்த் தோண்டினார்கள். ஒரு வண்டிப் பலகை. பலகைக்கு அடியில் மூச்சு.

தோண்டிய இருவரும் அந்த வாரமே காலராவில் செத்தார்கள். குழந்தை எண்பது வயதுவரை வாழ்ந்தது.

"பேரு அல்மைரான்னு சொல்லுச்சாம் மிஸ்."

எங்கள் குழந்தையின் அந்தப் பெயரை வகுப்பில் நான் சொல்லவேயில்லை.

அம்மாவுக்கு அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும் போலிருந்தது. அவள் சாகவில்லை அம்மா, பிள்ளை பெற்றாள், கிழவியானாள், அவள் வழி வந்த பெண் என் எதிரே நிற்கிறாள். ஜோலீனைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினேன்.

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"இன்னும் முடியல மிஸ். உள்ளேருந்து அம்மா அம்மான்னு கூப்பிட்டாளாம். மேல பேச்சுச் சத்தம் சட்டுனு நின்னுச்சாம். அப்புறம் அவங்கம்மா பாட ஆரம்பிச்சாங்களாம், சத்தமா. கடைசி வண்டி போற வரைக்கும் நிறுத்தவே இல்லையாம்."

எங்கள் குடும்பத்தில் பெண்கள் பாடுவதில்லை. தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து பாடும்போது அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் நின்றாளாம். தொட்டிலருகேகூட யாரும் பாடியதில்லை.

குரல்வளம் இல்லாத குடும்பம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.