கடலம்மாவுக்கு ஒரு கை

கயிறு ஒரு தரம் அசைந்தது. சூர்யகலாவுக்கு மூச்சு வந்தது.

குழாய்க்குள் இருக்கும் பச்சமுத்து, 'நல்லாத்தான் இருக்கிறேன்' என்று பெண்டாட்டிக்குச் சொல்லும் விதம் அதுதான்.

கல்யாணத்தில் அவனை ஒல்லிப்பிச்சான் என்று கேலி செய்யாத ஆளில்லை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் இறால் குஞ்சுப் பண்ணைக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் குழாயில் இன்றைக்கு அந்த உடம்புதான் நுழைகிறது.

குழாயை அடைப்பது சிப்பி. நம்மூர்ச் சிப்பிகூட இல்லை. எந்த நாட்டுக் கப்பலின் அடியிலோ ஒட்டிக்கொண்டு ஓசியில் வந்த கறுப்புச் சிப்பி. வந்த இடத்தில் குடும்பம் நடத்திக் குழாயையே நிரப்பிவிட்டது.

போன தடவை பச்சமுத்து நடுக்குழாயில் மாட்டிக்கொண்டு, முதுகெல்லாம் கிழிந்துதான் வெளியே வந்தான். அன்றிலிருந்து சூர்யகலாவுக்கு ஒரே வேண்டுதல். அவன் இனி இதற்குள் போகவே கூடாது.

பண்ணை சூப்பர்வைசர் அருள் கரையில் நின்று தைரியம் சொன்னான்.

"சிப்பிக் குஞ்சுங்கள மருந்து உட்டே கொன்னுடலாம்க்கா. பெருசுங்கதான் வாய மூடிக்கினு தப்பிச்சிக்குது. அதுல ஒண்ணுகூட உள்ள தங்கலன்னா, இனிமே ஆளு எறங்கவே வேணாம்."

சிப்பி நிறைந்த கடைசிச் சாக்கு வெளியே வந்தது. பின்னாலேயே பச்சமுத்து தவழ்ந்து வந்தான். உடம்பெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை.

"ஒண்ணு பாக்கி இல்ல. வழிச்சி எடுத்துட்டேன்."

சூர்யகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வற்றியிருந்த கடல் மறுபடி ஏறிக் குழாயின் வாய் முங்கியதும் அருள் போய் மோட்டாரைப் போட்டான்.

அவர்கள் குப்பத்தில், கடலுக்குப் போனவன் திரும்பி வந்தால் கொண்டுவந்ததில் முதலில் ஒரு கை கடலம்மாவுக்கு. மீனோ நண்டோ, எதுவானாலும் சரி. செத்ததை மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

சூர்யகலா சாக்கைப் பிரித்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு உயிரோடு இருந்ததில் பெரிதாகப் பார்த்துக் கை நிறைய அள்ளினாள். கடலம்மா எந்த இடத்தில் அவனைத் திருப்பிக் கொடுத்தாளோ, அந்த இடத்திலேயே கொடுப்பதுதான் மரியாதை என்று அவளுக்குப் பட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் குழாய் வாய்வரை போய், கண்ணை மூடிக் கும்பிட்டு, கையை விரித்தாள்.

மற்ற நாட்களில் பாதியை அலை காலடிக்கே தள்ளிவிடும். இன்றைக்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. விட்ட மாத்திரத்தில் அத்தனையையும் கடலம்மா உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கேட்டது கிடைத்துவிட்டது என்று சூர்யகலாவுக்கு மனசு நிறைந்துபோனது.