பச்சோந்திக்குக் கிடைத்த வேலை

எறும்பு வரிசையும் மரவட்டைகளும் தினமும் முட்டிக்கொள்கிற ஒரு முச்சந்தி இருந்தது. அங்கே போக்குவரத்தைக் கவனிக்க ஆள் வேண்டுமென்று காகம் சொல்லி அனுப்பியது. நேர்காணலுக்கு வந்தது ஒரு பச்சோந்தி மட்டும்தான்.

"முன் அனுபவம் இருக்காப்பா?"

"அஞ்சு வருஷம் சார். பெரிய காட்டுல." சொல்லி முடிப்பதற்குள் அடிவயிறு சூடாகி, மூக்கிலிருந்து வால்வரை சிவந்துபோனது. மூச்சை அடக்கிப் பார்த்தது. இன்னும் சிவந்தது.

"அங்கேயிருந்து ஏன் வந்துட்டே?"

"போகாதேன்னு அழுதாங்க சார். நான்தான் கேக்கலை." இப்போது செம்பருத்தி தோற்றது.

"சரி, காலையில என்ன சாப்பிட்டே?"

"ரெண்டு ஈ." உடம்பு பழையபடி பச்சையானது.

காகம் தலையைச் சாய்த்து யோசித்தது. "நாளைக்கே வந்துடு. எறும்பு நிக்கணும்னா பொய் சொல்லு. போகணும்னா உண்மையைச் சொல்லு. அவ்வளவுதான் வேலை."

மறுநாளிலிருந்து முச்சந்தி களைகட்டியது. "எங்க தாத்தா ஒரு முதலை" என்று பச்சோந்தி கத்தும். சிவப்பைப் பார்த்து எறும்புகள் நிற்கும். "எனக்கு இடின்னா பயம்" என்றால் பச்சை விழும், நகரும். அந்தப் பொய்களைக் கேட்பதற்கென்றே சில எறும்புகள் சுற்றுவழியில் வந்தன.

ஒரு மாதம் கழித்துக் காகம் பார்வையிட வந்தது. பச்சோந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"இந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை சார். சம்பளத்துல ரெண்டு ஈ ஏத்தலைன்னா வேற இடம் பாத்துக்குவேன்."

கீழே போய்க்கொண்டிருந்த எறும்புகள் அத்தனையும் சட்டென்று நின்றுவிட்டன.