போன வாரத்துக்குப் போன கம்ப்யூட்டர்

மகளுக்குப் பொருத்தம் பார்க்க இலவச ஜாதக புரோகிராமை இறக்கினார் குஞ்சிதபாதம். வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒருவழியாக அதைப் போன வார நிலைக்குத் திருப்பினார்.

கண் விழித்ததும் அது பீற்றிக்கொண்டது: "எனக்கு ஒரு நாளாவது உடம்புக்கு முடியாமப் போயிருக்கா?"

"இப்பத்தானே அண்ணே செத்துப் பிழைச்சீங்க! அந்த ஜாதகத்தாலதான்" என்றது மவுஸ்.

"எந்த ஜாதகம்? பொறாமையில உளறாதே!"

"விடு, போன தடவையும் இதையேதான் சொன்னாரு" என்று முணுமுணுத்தது கீபோர்டு.

அதற்குள் குஞ்சிதபாதத்தின் கை மவுஸைப் பிடித்து, நேராக 'இலவச ஜாதகம்' பட்டன்மேல் கொண்டுபோய் நிறுத்தியது.

"அண்ணே, இதேதான்! வேணாம்னு சொல்லுங்க!" என்று அலறியது மவுஸ்.

கம்ப்யூட்டர் திரையெல்லாம் பூரித்தது. "அட, புதுசா இருக்கே! சீக்கிரம் அமுக்கச் சொல்லு!"