ஒரு கண் மட்டும் வெள்ளையாக

ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெயில் கீபோர்டு வரை விழுகிறது. திரையில் இரண்டு வயதுக் குழந்தை வாய்கொள்ளாமல் சிரிக்கிறது. பிளாஷ் பட்டுச் சிவந்த வலது கண்ணை, படம் திருத்துகிறவள் ஒரே கிளிக்கில் கறுப்பாக்குகிறாள். இடது கண்ணில் கை நின்றுவிடுகிறது. அது சிவக்கவில்லை, பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்திருக்கிறது. அடுத்த படத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. "கண்ணையெல்லாம் கறுப்பாக்கிடும்மா, சீக்கிரம்," என்கிறார் குழந்தையின் அப்பா, திரையைப் பார்க்காமல், நின்ற இடத்தில் நிற்காமல். பிளாஷில் ஒரு கண் மட்டும் இப்படி வெளுத்தால் கண்ணுக்குள் கட்டி இருக்கலாம் என்று எங்கோ படித்தது அவளுக்கு நினைவு வருகிறது. சொன்னால் மனுஷன் பதறிப்போவார். சொல்லாமல் விட்டால்? மாற்றிய வலது கண்ணையும் பழையபடி சிவப்பாக்குகிறாள். "சார், ஒரு கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரியுது. எதையும் திருத்தாம அப்படியே பிரிண்ட் போட்டுத் தரேன். இன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க." அவர் மெல்லத் திரைப்பக்கம் குனிகிறார். "எந்தக் கண்ணும்மா?"