யுன் பிறந்த நேரம்

கன்பூசிய நூல்களைக் கரைத்துக் குடித்த அறிஞர் யுன், அரசரின் தவறைச் சுட்டிக்காட்டி ஒரு மனு எழுதினார். அதற்காக அவரை ஒரு தீவுக்குத் துரத்திவிட்டார்கள். அங்கேயே செத்துப் போனார். வீட்டு மேசையில் மை இழைக்கும் கல்லும் தூரிகையும் பழைய பஞ்சாங்கமும்தான் மிஞ்சின.

கல்லுக்கு மனசே ஆறவில்லை. "அந்த மனுவுக்கு மை கொடுத்தது நான்தானே? அன்றைக்கு நான் விரிசல் விட்டிருந்தால் மனுஷன் உயிரோடு இருந்திருப்பார்" என்று புலம்பியது.

"உன் மேல் என்னம்மா தப்பு?" என்றது பஞ்சாங்கம். "ஒரு நாளுக்குப் பன்னிரண்டு நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம். அவர் பிறந்தது நள்ளிரவு, எலி நேரம். எலி என்றால் தண்ணீர். ஜாதகம் முழுக்கத் தண்ணீர். அதுதான் அவரைத் தீவுக்கு இழுத்துப் போனது."

கல்லுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் தூரிகை கல்லைப் பார்த்துக் குறுக்கிட்டது.

"இல்லை அக்கா, நடுப்பகல், குதிரை நேரம். அவரே என்னை வைத்து எழுதியிருக்கிறார்."

பஞ்சாங்கம் அசரவில்லை. "குதிரையா? அப்படியானால் நெருப்பு. நெருப்புக்காரர் வாய் சும்மா இருக்குமா? அப்போதும் தீவுதான்."

"எந்த நேரத்தில் பிறந்திருந்தால் வீட்டிலேயே செத்திருப்பார், பெரியவரே?" என்று கேட்டது கல்.

பஞ்சாங்கம் பன்னிரண்டு நேரங்களையும் புரட்டிப் பார்த்தது. பன்னிரண்டிலும் தீவுதான் இருந்தது.

"இவ்வளவு தெரிந்த நீங்கள், மனு எழுதிய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது கல்.

பஞ்சாங்கம் புரட்டிய பக்கங்களை மெல்ல மூடிக்கொண்டது.

"மனுவைக் கொடுக்க நல்ல நாள் எது என்று மட்டும்தான் கேட்டார்."

"என்ன சொன்னீர்கள்?"

"நாளைக்கே நல்ல நாள் என்றேன்."