ஜாமீனுக்கு ஒரு விலாசம்

கிட்ட வந்து உட்காருங்க, இது பனிக்காட்டில் நடந்தது. குளிருக்கென்று அணில் சேர்த்த கொட்டையை ரக்கூன் திருடுவது இது நாலாவது தடவை. இந்தத் தடவையும் அணில் அவனைப் பிடித்து, காட்டுக்கே நியாயம் சொல்லும் வாத்தான வாத்தம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

“பாவம், மனசு நொந்துபோயிருக்கான். பொதுக் களஞ்சியச் செலவில் மெத்தை கொடுத்து, ஜாமீனில் விடுங்க,” என்றாள் வாத்தம்மா.

“அந்தக் களஞ்சியத்துக்கு அளந்து போட்டதும் நான்தானே தாயே! பனி விழுந்தால் என் குஞ்சுகள் எதைத் தின்னும்?” என்று கத்தியது அணில்.

“கத்தாதே. அவன் தங்க ஒரு விலாசம் வேணும், யாராவது எழுதுங்க.”

அணில் வாத்தம்மா வீட்டு விலாசத்தையே எழுதி நீட்டியது. அவள் வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அணில் மெத்தையைச் சுமந்துபோய், அவளுடைய தானியப் பானைக்குப் பக்கத்திலேயே ரக்கூனுக்கு விரித்துப் போட்டது.