கையைத் திறங்க

"ஊசின்னா எனக்கு ஆகாதுங்க. விட்டுடுங்க" என்று சொல்லி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான் மகன்.

முழங்கைக்கு மேல் கட்டியிருந்த ரப்பர் பட்டையைக்கூட அவனே உருவி மேசைமேல் போட்டான்.

ரத்தம் எடுக்கும் பெண் விழித்தாள். அவள் வேலைக்குப் புதுசு. தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயம்.

"நான் இன்னும் குத்தவே இல்லையே சார். கையை இறுக்கி மூடுங்கன்னுதானே சொன்னேன்?"

"அதைக் கேட்டதுமே மயக்கம் வர்ற மாதிரி ஆயிடுச்சுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருக்குடா ஊசி பயம்? வண்டியிலேர்ந்து விழுந்து தாடையில தையல் போட்டப்போ, டாக்டர்கிட்டயே மேட்ச் ஸ்கோர் கேட்டவன்தானே நீ?"

"அது அப்போப்பா. இப்ப வயசாயிடுச்சு."

"உனக்கு வயசாயிடுச்சா? அப்ப எனக்கு?"

அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். விட நினைத்தும் விரல்கள் விடவில்லை. மறு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அவர் தையல்கடைக்காரர். கத்தரிக்கோலை எடுத்தால் கீழே வைக்க வரவில்லை என்றுதான் போன மாதம் இங்கே வந்தார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் விளக்கியபோது அந்தப் பெண்ணும் கூட இருந்தாள்.

"ஒரு ஜீன்தான் காரணம். டிஎன்ஏ, ஆர்என்ஏவைப் பிடிச்சுக்கிற ஒரு புரதத்தை உண்டாக்குறது அதோட வேலை. உங்களுக்கு அந்த ஜீன்ல ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வந்து நீண்டுபோயிருக்கு. அதனாலதான் இறுகின தசை சட்டுன்னு தளர மாட்டேங்குது."

"புரதமும் பிடிச்சுக்குது, நானும் பிடிச்சுக்கிறேன். நல்ல ஜோடிதான்" என்று அப்பா சிரித்தார்.

"பிள்ளைங்களுக்கும் வரலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று டாக்டர் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு இருப்பது ஒரே மகன். நச்சரித்து நச்சரித்து இன்றைக்குத்தான் அவனை இழுத்து வந்திருக்கிறார்.

"இதப் பாரும்மா" என்று அப்பா அவளிடம் முறையிட்டார். "இது எனக்கு வந்ததுல எனக்கு ஒண்ணும் இல்ல. பாதி வாழ்க்கை ஓடிப்போச்சு. எங்கிட்டேர்ந்து இவனுக்குப் போகலைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன். அதுக்கு ரெண்டு சொட்டு ரத்தம் குடுக்க இவனுக்கு மனசு வரலை."

மகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "டெலிவரி நிறையக் கிடக்குப்பா. கிளம்பலாம்."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷ வேலை சார். அப்பாவுக்காகவாவது..."

"அப்பாவுக்காகத்தாங்க இவ்வளவு தூரமே வந்தேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் அப்பா இப்படி ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் ஒரு வாளி ரத்தமே கொடுத்திருப்பாள்.

"அவரோட சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுங்க ஐயா" என்றாள் அப்பாவிடம், ஏதோ தானே மன்னிப்புக் கேட்பதுபோல.

"நீ என்னம்மா பண்ணுவே. டேய், பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போ. பெத்தவன் கவலை உனக்கு எங்கே புரியப்போகுது."

"சரிப்பா. திட்டுறதை வண்டியில வெச்சுக்கலாம். படி பார்த்து இறங்குங்க."

இருவரும் போனார்கள். அவன் ஓடிய வேகத்தில் ஹெல்மெட் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. எடுத்து மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மகன் மட்டும் வந்தான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"இப்ப எடுங்க. அப்பா கீழே மாத்திரை வாங்கிட்டு இருக்கார். ரிப்போர்ட் எனக்கு மட்டும் வரட்டும்."

"ஊசின்னா பயம்னு சொன்னீங்க?"

அவன் கையை நீட்டினான்.

பட்டையைக் கட்டினாள். "கையை இறுக்கி மூடுங்க" என்றாள். மூடினான். ஊசி இறங்கியபோது கண்கூடச் சிமிட்டவில்லை.

குழாயில் ரத்தம் ஏறியதும், "போதும், கையைத் திறங்க" என்றாள்.

மூடிய கை அப்படியே இருந்தது. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள்.

அவள் ஊசியை உருவிப் பஞ்சை வைக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மறு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தான்.

"இந்தக் கையை அப்பா முன்னாடி எப்படிங்க திறக்கிறது?" என்றான்.